கண்ட்ரோலை அமுக்கிக்கிட்டு சராசரி போடுறவங்களுக்கு

எக்செல் பத்தி எவனாவது எழுதினா நம்ம மக்கள் ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சிடுவாங்க. "இதெல்லாம் எனக்குத் தெரியும்"னு நகர்ந்து போறது ஒரு கோஷ்டி. "நமக்கு எதுக்குப்பா இதெல்லாம்"னு போறது இன்னொண்ணு. ரெண்டு கோஷ்டிக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. ஆபீஸ்ல ஆணி புடுங்குறவங்க, வீட்டுச் செலவு எழுதுறவங்க, அபார்ட்மெண்ட் சங்கத்துல பொருளாளரா மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் ஒருதடவையாவது இந்த வேலையைச் செஞ்சிருப்பீங்க. ஷீட்டுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா சிதறிக் கிடக்கிற நாலஞ்சு செல்லை கண்ட்ரோல் பட்டனை அமுக்கிக்கிட்டே ஒவ்வொண்ணா க்ளிக் பண்ணி, =ஆவரேஜ்(பி4,இ9,எச்14)னு ஒரு ஃபார்முலா. என்டர். பதில் வந்தாச்சு, டீ குடிக்கக் கிளம்பியாச்சு.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். சராசரி போடறதுக்காக ஷீட்டு பூரா செல் பொறுக்க வேண்டியிருந்தா, கோளாறு ஃபார்முலாவுல இல்ல, அந்த ஷீட்டை வரைஞ்ச விதத்துல இருக்கு. அப்புறம், எத்தனையால வகுத்தோம்னு பக்கத்துலயே சொல்லாத சராசரியை நான் நம்பறதா இல்ல.

"என்னய்யா பெரிய விஷயம், கூட்டி வகுக்கிறது அஞ்சாங்கிளாஸ் கணக்கு"ன்னு ஒரு நண்பர் சொன்னாரு. கூட்டறது அஞ்சாங்கிளாஸ் கணக்குதான், ஒத்துக்கறேன். எத்தனையால வகுக்கிறதுங்கிற கேள்வி அப்படி இல்ல. அதுல பெரிய பெரிய ஆளுங்களே சறுக்கியிருக்காங்க. அந்தக் கதைக்குப் பின்னாடி வர்றேன்.

முதல்ல எக்செல் என்ன செய்யுதுன்னு பார்த்துடலாம். ஆவரேஜ் ஃபங்ஷன் காலி செல்லைக் கண்டுக்காது. கூட்டல்லயும் சேர்க்காது, வகுக்கிற எண்ணிக்கையிலயும் சேர்க்காது. செல்லுல எழுத்து இருந்தாலும் அப்படித்தான். ஆனா 0 இருந்தா அதுவும் ஒரு எண்ணுதானேன்னு எண்ணிக்கையில சேர்த்துக்கும். இது சரியான நடத்தை, குறை சொல்ல மாட்டேன். சிக்கல் எங்க வருதுன்னா, அதே வேலையை =(பி4+இ9+எச்14)/3 அப்படின்னு கையால போடுறவங்ககிட்ட. இ9 காலியா இருந்தா இங்க அது 0 ஆயிடும், வகுக்கிறது மட்டும் அதே 3. ரெண்டு ஃபார்முலாவுக்கும் ரெண்டு விடை. ஒரே ஷீட்டுல ஒரு ஆள் இப்படியும் இன்னொரு ஆள் அப்படியும் போட்டு வச்சிருப்பாங்க, ரெண்டும் சராசரின்னே பேர் போட்டுக்கிட்டு பக்கத்து பக்கத்துல உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு பூதமும் இருக்கு. பார்க்க எண் மாதிரியே இருக்கும், ஆனா எழுத்தா சேமிக்கப்பட்டிருக்கும். வேற சாஃப்ட்வேர்ல இருந்து காப்பி பண்ணிக் கொண்டுவந்தா அடிக்கடி இப்படி வரும். கூட்டல் குறி போட்டா எக்செல் அதை எண்ணா மாத்திக்கிட்டு கூட்டிடும். ஆவரேஜ் ஃபங்ஷனோ அந்த செல்லை சத்தமில்லாம விட்டுட்டுப் போயிடும். ஓரத்துல சின்னதா ஒரு பச்சை முக்கோணம் தெரியும். அதை யாரு பார்க்கிறா?

சரி, இதனால யாருக்கு என்ன நஷ்டம்னு கேப்பீங்க. எங்க அக்கா ஒரு பள்ளிக்கூடத்துல எட்டாம் வகுப்புக்கு டீச்சர். ஊரும் பேரும் வேண்டாம். அங்க மார்க் ஷீட் ஒரு எக்செல் கோப்பு. ஆபீஸ் ரூம்ல யாரோ எப்பவோ செஞ்சது. அச்சடிச்சா ரேங்க் கார்டு மாதிரியே அழகா வரணும்னு, ஒவ்வொரு பரீட்சைக்கும் தனித்தனிக் கட்டம், நடுவுல தலைப்பு, கலரு, பார்டர், மெர்ஜ் பண்ணின செல்லு. ஒரு பொண்ணோட கணக்கு மார்க் சி6ல ஒண்ணு, சி14ல ஒண்ணு, சி22ல ஒண்ணு, சி30ல ஒண்ணு. சராசரிக்கு அந்த நாலு செல்லையும் பொறுக்கி ஒரு ஃபார்முலா.

ஒரு பொண்ணு மூணாவது பரீட்சைக்கு வரல. டைஃபாய்டு. அக்கா அந்தக் கட்டத்துல 'ஆப்சென்ட்'னு அடிச்சு வச்சிருந்தாங்க. அப்படி எழுத்து இருந்ததால வேற ஒரு மூலையில கூட்டல் குறி வச்சுப் போட்டிருந்த மொத்த மார்க் ஃபார்முலா #வேல்யூ!ன்னு கத்திடுச்சு. பிரிண்ட் எடுக்கிறப்ப அசிங்கமா தெரியுதேன்னு ஆபீஸ்ல அந்த எழுத்தை அழிச்சுட்டு 0ன்னு போட்டுட்டாங்க. கத்தல் நின்னுடுச்சு. பொண்ணோட மார்க் 78, 82, 80. எழுதின மூணு பரீட்சைக்கு சராசரி 80. அந்த 0 உள்ள வந்ததும் 60. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் லிஸ்ட்டுல அவ பேரு வந்துடுச்சு.

அந்தப் புள்ளையோட பாட்டி ஸ்கூலுக்கு வந்து கேட்டிருக்காங்க, "எம் பேத்தி நல்லாத்தானே படிச்சுட்டு இருந்தா, என்ன ஆச்சு டீச்சர்?"னு. அந்தம்மாவுக்கு எக்செல் தெரியாது. ஆனா 78, 82, 80 வாங்கின புள்ளைக்கு 60 எப்படி வரும்ங்கிறது தெரியுது. மூணு மார்க்குமே எழுபத்தஞ்சுக்கு மேல இருக்கும்போது சராசரி அதுக்குக் கீழ போகவே முடியாது. ஆபீஸ்ல சொன்ன பதில்: "கம்ப்யூட்டர் போட்ட கணக்கும்மா."

இந்த வாக்கியம்தான் எனக்கு ஆத்திரம். கம்ப்யூட்டர் போடல. ஒருத்தர் 0 போட்டாரு, கம்ப்யூட்டர் அதை நம்பிச்சு. அக்கா அப்புறம் பழைய பேப்பரை எடுத்து வச்சு சண்டை போட்டு அதை மாத்தினாங்க. கேக்க ஒரு பாட்டி இல்லாத புள்ளைங்க எத்தனை பேரு அந்த லிஸ்ட்டுல இருந்தாங்களோ!

இதுக்கு இணையத்துல ஒரு வைத்தியம் சொல்லுவாங்க: சுழியத்தை விட்டுட்டு சராசரி போடு. ஆவரேஜ்இஃப் ஃபங்ஷன்ல "0க்குச் சமமில்லாதது"ன்னு நிபந்தனை வை. ஆனா சிதறின செல்லுக்கு இது வேலை செய்யாது. ஆவரேஜ்இஃப்புக்கு ஒரே தொடர்ச்சியான வரிசைதான் வேணும், பொறுக்கின செல்லுங்களைக் கொடுத்தா #வேல்யூ!ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கும். அதனால ஃப்ரீக்வென்சி ஃபங்ஷனை வச்சு சுத்தி வளைச்சு ஒரு வித்தை பண்ணுவாங்க. புது எக்செல்ல வீஸ்டாக், ஃபில்டர்னு வந்ததுக்கு அப்புறம் அது இன்னும் சுலபம். வித்தைங்கிற அளவுல எல்லாமே ரசிக்கத்தான் செய்யறேன். ஆனா வைத்தியமா பார்த்தா வியாதியை விட மோசம். பரீட்சைக்கு வந்து, எழுதி, நிஜமாவே 0 வாங்கின பையனும் இதுல காணாமப் போயிடுவான். அவனுக்குத்தானே அந்த ஸ்பெஷல் கிளாஸ் முதல்ல வேணும்?

மழையை எடுத்துக்குங்க. மழைமானியில 0ன்னா அன்னிக்கு மழை இல்லைன்னு அர்த்தம். மானி உடைஞ்சு கிடந்த நாளைக்கு எதுவும் எழுதக் கூடாது. மழை இல்லாத நாளை எல்லாம் ஒதுக்கிட்டு சராசரி போட்டா ராமநாதபுரமும் சிரபுஞ்சிக்குப் பக்கத்துல போய் நிக்கும். உடைஞ்ச நாளுக்கு எல்லாம் 0 போட்டா சிரபுஞ்சியே காஞ்சு போயிடும்.

கிரிக்கெட்காரங்க இதை ரொம்ப காலத்துக்கு முன்னாடியே தீர்த்து வச்சிருக்காங்க, அதான் எனக்கு ஆச்சரியம். பிராட்மேன் டெஸ்ட்டுல ஆடின இன்னிங்ஸ் 80, அடிச்ச ரன் 6996. 80ஆல வகுத்தா 87.45தான் வரும். ஆனா அவர் 10 தடவை அவுட் ஆகாம நின்னாரு. பேட்டிங் சராசரிங்கிறது ஒரு அவுட்டுக்கு எத்தனை ரன்னுங்கிற கணக்கு, அதனால வகுக்கிறது 70. அப்பதான் அந்தப் பிரசித்தி பெற்ற 99.94. 1948ல ஓவல்ல கடைசி இன்னிங்ஸ், ஹோலிஸ் பந்துல 0க்கு அவுட். அந்த முட்டையை யாரும் "சுழியத்தை விட்டுட்டுக் கணக்குப் போடுவோம்"னு ஒதுக்கல. ஒதுக்கியிருந்தா 6996ஐ 69ஆல வகுத்து 101.39னு சொல்லியிருக்கலாம். நாலு ரன் எடுத்திருந்தா சரியா 100. அவ்வளவு பெரிய மனுஷனுக்கே நிஜமான 0ன்னா 0தான். அவுட் ஆகாதது வேற, முட்டை வேற. ஸ்கோர் எழுதுற ஆளுக்கு இருக்கிற இந்தத் தெளிவு நம்ம ஆபீஸ் ஷீட்டுகள்ல ஏன் இல்ல?

இப்ப முன்னாடி சொன்ன பெரிய ஆளுங்க கதை. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள். ரெண்டு பேருமே சர்வதேச நிதியத்துல பெரிய பதவியில இருந்தவங்க. 2010ல ஒரு கட்டுரை போட்டாங்க. ஒரு நாட்டோட அரசுக் கடன் அதோட உள்நாட்டு உற்பத்தியில 90 சதவீதத்தைத் தாண்டினா வளர்ச்சி படுத்துடும்னு சொன்னாங்க. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் 20 வளர்ந்த நாடுகளை எடுத்துப் பார்த்ததுல, அந்த 90ஐத் தாண்டின கோஷ்டிக்கு சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம்னு கணக்கு. அது 2008 நெருக்கடிக்குப் பின்னாடி எல்லா அரசாங்கமும் கடன்ல முழி பிதுங்கிட்டு இருந்த நேரம். செலவைக் குறை, சிக்கனம் பண்ணுன்னு சொன்ன அரசியல்வாதிங்களுக்கு இந்த எண் கற்கண்டு மாதிரி கிடைச்சது. அமெரிக்காவுல பால் ரயன், ஐரோப்பிய ஆணையத்துல ஓலி ரென்னு பெரிய இடத்துல எல்லாம் மேற்கோள் காட்டினாங்க.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தோட ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்துல தாமஸ் ஹெர்ண்டன்னு ஒரு ஆராய்ச்சி மாணவர். வகுப்புப் பயிற்சிக்காக, ஏதாவது ஒரு கட்டுரையை எடுத்து அதே விடை வருதான்னு போட்டுப் பார்க்கணும். அவரு இதை எடுத்தாரு. எத்தனை தடவை போட்டாலும் அந்த விடை வரல. கடைசியில அவங்ககிட்டயே அந்த ஷீட்டைக் கேட்டு வாங்கினாரு. (கேட்டதும் கொடுத்தாங்க. அதுக்கு ஒரு கும்பிடு. எத்தனை பேரு கொடுப்பாங்க?) திறந்து பார்த்தா சராசரி ஃபார்முலாவுல எல்30ல இருந்து எல்44 வரைதான் இருக்கு. நாடுகளோ எல்49 வரைக்கும் இருக்கு. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் அஞ்சும் வெளிய நிக்குது! ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் ரெண்டு பேரோட சேர்ந்து ஹெர்ண்டன் 2013 ஏப்ரல்ல இதை வெளியிட்டாரு. அவங்க கணக்குல அதே சராசரி பிளஸ் 2.2 சதவீதம்.

பத்திரிகை எல்லாம் "எக்செல் பிழை, எக்செல் பிழை"ன்னு எழுதித் தள்ளிச்சு. எனக்கு இதுல மாற்றுக் கருத்து உண்டு. அந்த அஞ்சு வரி விட்டுப்போனதால மட்டும் வந்த வித்தியாசம் சுமார் 0.3 சதவீதப் புள்ளிதான். பெரிய அடி வேற ரெண்டு இடத்துல இருந்து வந்தது. சில நாடுகளுக்குப் போரை ஒட்டின சில வருஷங்கள் கணக்குல வரல. அதோட, ஒவ்வொரு நாட்டுக்கும் முதல்ல ஒரு சராசரி போட்டு, அப்புறம் அந்த சராசரிகளுக்கு ஒரு சராசரி போட்டிருந்தாங்க. பிரிட்டன் 19 வருஷம் அந்தக் கடன் சுமையோட இருந்தது, சராசரி வளர்ச்சி 2.4. நியூசிலாந்துக்கு அவங்க ஷீட்டுல எஞ்சியிருந்தது 1951 என்கிற ஒரே வருஷம், வளர்ச்சி மைனஸ் 7.6. பத்தொன்பது வருஷமும் ஒரு ஓட்டு, ஒரு வருஷமும் ஒரு ஓட்டு. அந்த ஒரு வருஷம்தான் மொத்த சராசரியையும் பள்ளத்துல இழுத்துப் போட்டது.

ஃபார்முலாவுல எல்லை விட்டுப்போனதை ரெண்டு பேரும் உடனே ஒத்துக்கிட்டாங்க. நாடுகளுக்குச் சம எடை கொடுத்ததை மட்டும் ஒத்துக்கல. அதுக்கும் ஒரு நியாயம் இருக்கு, ஒரே நாட்டோட 19 வருஷமும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டின சரக்குதானேன்னு வாதம். கடன் கூடினா வளர்ச்சி குறையுதுங்கிற எங்க அடிப்படைக் கருத்து மாறலன்னும் சொன்னாங்க. அந்த விவாதத்துக்குள்ள நான் போகல, எனக்கு அவ்வளவு பொருளாதாரம் தெரியாது. எனக்குப் பட்டது ஒண்ணுதான். மைனஸ் 0.1க்குப் பக்கத்துலயே "7 நாடு, அதுல நியூசிலாந்துக்கு 1 வருஷம்"னு ஒரு கட்டம் இருந்திருந்தா, படிச்ச எந்த அமைச்சரும் ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பாரு. எழுதினவங்களே யோசிச்சிருப்பாங்க.

நம்ம ஊரு பள்ளிக்கூடத்துலயும் இதே கதை நடக்குது. 'ஏ' பிரிவுல 40 பேரு, சராசரி 70. 'பி' பிரிவுல 10 பேரு, சராசரி 50. எட்டாம் வகுப்பு சராசரி என்ன? 60ன்னு மீட்டிங்ல சொல்லுவாங்க. 50 புள்ளைங்களையும் சேர்த்துப் போட்டா 66. ஷீட்டுல அங்கங்க சிதறிக் கிடக்கிற செல்லைப் பொறுக்கிறவங்க பெரும்பாலும் பொறுக்கிறது இந்த மாதிரி "மொத்தம்", "சராசரி"ன்னு கலர் போட்ட செல்லைத்தான். அதாவது சராசரிகளோட சராசரி.

சிதறின செல் ஃபார்முலாவுல எனக்கு இன்னொரு கடுப்பு, அது ஆளைப் பிடிச்சு வைக்காது, விலாசத்தைத்தான் பிடிச்சு வைக்கும். ஷீட்டை ரேங்க் படி சார்ட் பண்ணினீங்கன்னு வைங்க. சி6ல இருந்த புள்ளை சி9க்குப் போயிட்டா, ஃபார்முலா இன்னமும் சி6 கதவையே தட்டிக்கிட்டு நிக்கும். குடித்தனம் மாறினது தெரியாத போஸ்ட்மேன் மாதிரி. உள்ள இருக்கிறவங்களும் எதுவும் சொல்லாம தபாலை வாங்கிக்குவாங்க. வரியை அழிச்சா #ரெஃப்!னு கத்தவாவது செய்யும், சார்ட் பண்ணினா சத்தமே வராது. அஞ்சாவதா ஒரு பரீட்சை வச்சா, கையால போய் சேர்த்தாத்தான் உண்டு.

அப்ப என்னதான் பண்ணணும்கிறீங்களா? டேட்டாவை ஒரு ஷீட்டுல சப்பையா, அழகில்லாம, நீளமா வையுங்க. ஒரு மார்க்குக்கு ஒரு வரி. பேரு, பாடம், பரீட்சை, வந்தாளா, மார்க். அவ்வளவுதான். வராத புள்ளைக்கு 'வந்தாளா'வுல இல்லைன்னு போட்டு மார்க்கைக் காலியா விடுங்க. 40 புள்ளை, 5 பாடம், 4 பரீட்சைன்னா 800 வரி வரும். "800 வரியா, இதை எவன் பிரிண்ட் எடுக்கிறது"ன்னு ஆபீஸ்ல கேப்பாங்க, அக்காகிட்டயும் கேட்டாங்க. பிரிண்ட் எடுக்க வேற ஷீட். ரேங்க் கார்டு அழகெல்லாம் அங்க வச்சுக்கலாம், அது இந்த 800 வரியில இருந்து எடுத்துக்கும். ஆவரேஜ்இஃப்ஸ் ஒண்ணு போதும், இல்லைன்னா ஒரு பிவட் டேபிள். செல் பொறுக்கற வேலையே இல்ல. பக்கத்துலயே கவுண்ட்இஃப்ஸ் போட்டு "எத்தனை பரீட்சைக்கு"ன்னு ஒரு காலம்.

அக்கா இந்த வருஷம் தன் வகுப்புக்கு மட்டும் அப்படிப் பண்ணிட்டாங்க. ரேங்க் கார்டுல "கணக்கு: 80 (3 பரீட்சை)"ன்னு வருது. மத்த வகுப்புக்கெல்லாம் இன்னும் பழைய கலர் ஷீட்டுதான். தலைமையாசிரியருக்கு அந்த நீலக் கலர் பிடிச்சிருக்காம் :-)

டிஸ்கி: ஒரே ஒருதடவை சும்மா பார்க்கத்தான் சராசரி வேணும்னா ஃபார்முலாவே வேண்டாம். கண்ட்ரோலை அமுக்கிக்கிட்டு செல்லுங்களை செலக்ட் பண்ணினாலே கீழ ஸ்டேட்டஸ் பார்ல ஆவரேஜ், கவுண்ட், சம் மூணும் தெரியும். ஆனா அங்க தெரியற கவுண்ட்ல எழுத்து இருக்கிற செல்லும் சேர்ந்திருக்கும். அதே பார்ல ரைட் க்ளிக் பண்ணி 'நியூமரிக்கல் கவுண்ட்'டையும் டிக் பண்ணி வச்சுக்குங்க. ரெண்டு கவுண்ட்டும் வேற வேறயா இருந்தா, எங்கயோ ஒரு 'ஆப்சென்ட்' இல்ல எழுத்தா மாறின மார்க் உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். தேடிப் பிடிங்க.